பூனைக்குப் பில்சர்ட் டின்: தொட்டுக்கொள்ளத்தான், சோறாக அல்ல

டர்பன், சாட்ஸ்வர்த் கடைகளில் கிடைக்கும் 400 கிராம் பில்சர்ட் மீன் டின் விலை குறைவு. பூனையும் வாசனைக்கே ஓடிவரும். மீன் நல்ல மீன்தான், முள்ளும் வெந்து மெத்தென்றிருக்கும். சிக்கல் சாஸில். உப்பு அதிகம், காரச் சாஸ் வகையில் வெங்காயம், பூண்டுத் தூளும் இருக்கலாம். இவை இரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, அதனால் அந்த வகை வேண்டவே வேண்டாம். சாதா டின்னிலும் பொருள் பட்டியலைப் படித்துவிட்டு, மீனை வடிதட்டில் கழுவி, 4 கிலோ பூனைக்கு ஒரு மேசைக்கரண்டி, வாரம் இருமுறை மட்டும் கொடுங்கள். தினமும் இதுவே சாப்பாடானால் வைட்டமின் ஈ குறைந்து உடற்கொழுப்பில் அழற்சி காணும். பாவம், தொட்டாலே வலியில் கத்தும். மிச்சத்தை டின்னிலேயே விடாமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும்.

அன்றாடத்துக்கு 'கம்ப்ளீட்' (முழுச் சத்துணவு) என்று அச்சிட்ட பூனைத் தீவனமே சரி. நாய்த் தீவனத்தில் பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து போதாது. பையில் தென்னாப்பிரிக்கத் தீவனச் சட்டமான 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டப்படி பதிவான 'வி' (V) எண்ணைத் தேடுங்கள். பையைப் பிரித்து நிறுத்து விற்கும் தீவனத்தில் அந்த எண்ணும் தெரியாது, டர்பன் ஈரக்காற்றில் சீக்கிரமே சிக்கு வாடையும் அடிக்கும்.