கார்ப்பரேட்டர் ஒழுகினால் உடனே மாற்றச் சொல்வார்கள், உஷார்! எனக்குப் போனது ரூ.3,850

வீட்டுக்கே வந்து டூவீலர் சரி பண்ணித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஆப்களில் ஒன்று. பெயர் போடவில்லை, வேறு வம்பு வேண்டாம். ஆனால் 3,850 ரூபாய் போன வயிற்றெரிச்சலை எங்காவது கொட்டித்தான் ஆக வேண்டும்.

வண்டி 2009 மாடல், 100 சிசி, அப்பா வாங்கியது. ராத்திரி நிறுத்தினால் காலையில் கார்ப்பரேட்டருக்கு (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) கீழே தரை ஈரமாக இருக்கும், மாடிப்படிக்கு அடியில் ஒரே பெட்ரோல் வாடை. அதே இடத்தில்தான் இபி மீட்டர் பெட்டியும். கீழ் வீட்டு அக்கா, "தம்பி, ஒரு பொறி பட்டா என்னாகும்?" என்று கேட்டுவிட்டார். எங்கள் தெரு மெக்கானிக் ஊருக்குப் போயிருந்ததால் ஆப்பில் புக் செய்தேன்.

வந்த பையன் பார்க்க நல்ல மாதிரி. டி-ஷர்ட், கையுறை, தரையில் விரிக்க ஒரு ஷீட். "அண்ணா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று வாங்கிக் குடித்தான். செல்போன் டார்ச்சை அடித்து, கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலுக்குக் கீழே தொங்கும், நிரம்பி வழிவதை வெளியே விடும் ஓவர்ஃப்ளோ ட்யூபின் நுனியில் விரலை வைத்து, நனைந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாருங்கண்ணா, கார்ப்பரேட்டரே போயிடுச்சு. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டிக்கெல்லாம் உள்ள அரிச்சுடும். புதுசு போட்டாதான் நிக்கும்."

எத்தனால் பேச்சு பேப்பரிலும் டீக்கடையிலும் ஓடிக்கொண்டிருப்பதுதானே, நம்பும்படி இருந்தது. அதை வைத்துத்தான் கவிழ்த்தான். பவுலைக் கழற்றி உள்ளே என்ன என்று பார்க்கவே இல்லை. பையிலிருந்து பளபளவென்று ஒன்றை எடுத்து மாட்டினான். "பழசு வேஸ்ட்தான்ணா, நானே போட்டுடறேன்" என்று என்னுடையதைப் பைக்குள் தள்ளிக்கொண்டான். ஜிபேயில் 3,850 ரூபாய் போனது.

அந்த வாரமே மறுபடி அதே ஈரம், அதே வாடை.

பையனுக்குப் போன் செய்தால், "அண்ணா, டிரைவிங்ல இருக்கேன்." அப்புறம் எடுக்கவே இல்லை. கஸ்டமர் கேரில் ஒரு பெண் ரொம்ப மரியாதையாக, "சார், டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம், 24 மணி நேரத்துல கூப்பிடுவாங்க" என்றார். யாரும் கூப்பிடவில்லை. பிறகு பார்த்தால் புகாருக்கு நேரே 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடியிருக்கிறார்கள்! மறுபடி பிடித்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: "சார், உங்க பில்லுல சர்வீஸ் சார்ஜ்னுதான் இருக்கு. பார்ட்ஸ் எதுவும் நாங்க கொடுத்ததா இல்லையே." பில்லைத் திறந்து பார்த்தேன். கார்ப்பரேட்டர் என்ற வார்த்தையே இல்லை. 3,850-ம் 'சர்வீஸ்'!

அதற்குள் தெரு மெக்கானிக் வந்துவிட்டார். முதல் வேலையாக பெட்ரோல் டேப்பை மூடினார், சொட்டுவது நின்றது. திறந்தார், ட்யூப் வழியாக மறுபடி சொட்டியது. "ட்யூப்ல வந்தா, உள்ள பெட்ரோல் வர்ற வழியை மூடுற நீடில் சரியா அடைக்கலைன்னு அர்த்தம். பவுல் ஓரத்துல கசிஞ்சா ஓ-ரிங், அந்த ரப்பர் வளையம். மேல பைப் மூட்டுல வந்தா கிளிப்பு. இதுக்குப் போய் முழு கார்ப்பரேட்டரை மாத்துவாங்களா சார்?"

பவுலைக் கழற்றும்போதே அவருக்குச் சிரிப்பு. ஸ்க்ரூ தலையெல்லாம் வழுக்கிப் போயிருந்தது. "இது புதுசா? நாலு கை பார்த்த சரக்கு, பாலீஷ் போட்டிருக்கான்." உள்ளே அடியில் காபித்தூள் மாதிரி துரு. டேங்கிலிருந்து இறங்குகிற துரு நீடிலுக்கும் அது போய் அடைக்கும் துளையான சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டால் அது மூடாது, பெட்ரோல் நிரம்பி வழியும். நீடில் நுனியிலும் வட்டமாக ஒரு தேய்மானம். பெட்ரோலில் மிதந்து நீடிலை மூட வைக்கும் ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்தார், ஓட்டையாகி பெட்ரோல் புகுந்திருந்தால் சத்தம் வருமாம். அது சரியாக இருந்தது. இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தார், அதிலும் பெட்ரோல் வாடை, ஆயிலையும் மாற்ற வேண்டியதாயிற்று. நீடில், ஓ-ரிங், டேங்க் கழுவின கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய், ஆயில் தனி. இப்போது ஒரு சொட்டுக் கூட இல்லை.

450 ரூபாய் வேலைக்கு 3,850! அதைவிட எரிச்சல், வண்டியோடு வந்த ஒரிஜினல் கார்ப்பரேட்டர் போய்விட்டது. எனக்கு மாட்டியது யார் வண்டியில் கழற்றியதோ. என்னுடையது இந்நேரம் பாலீஷ் போட்டு யார் தலையில் கட்டப்பட்டதோ.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் வரவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: பழைய வண்டி என்றால் ராத்திரி டேப்பை மூடி வையுங்கள். சொட்டிக்கொண்டிருக்கும்போது கிக்கர் அடிக்காதீர்கள், வெளியே தள்ளி நிறுத்துங்கள். பவுலைத் திறந்து காட்டாமல் மாற்றச் சொன்னால் அனுப்பிவிடுங்கள். பில்லில் பார்ட்ஸ் பெயர் வந்து, பழைய சாமான் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் பணம். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன்.