ஈ.ஆர்., பி.ஆர். டெஸ்ட்: அரைப்பதா, சாயம் ஏற்றுவதா?

மார்பகப் புற்றுக்கட்டியில் ஈஸ்ட்ரோஜன் (ஈ.ஆர்.), புரோஜெஸ்டிரோன் (பி.ஆர்.) ஏற்பிகள், அதாவது அந்த ஹார்மோன்கள் வந்து ஒட்டும் புரதங்கள், இருந்தால் டமாக்சிஃபன் போன்ற மாத்திரைகள் கைகொடுக்கும். இல்லையென்றால் வருஷக்கணக்கில் விழுங்கியும் பிரயோஜனமில்லை. அதைக் கண்டுபிடிக்க எந்த வழி தேவலாம்?

பழைய வழி, கட்டியை அரைப்பது. வெட்டியெடுத்த கையோடு உறையவைத்து, பொடித்து, அந்தச் சாற்றில் கதிரியக்க ஈஸ்ட்ரோஜனைக் கலப்பார்கள். ஒட்டாமல் மிஞ்சியதைக் கரித்தூள் உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டியதை எண்ணுவார்கள். ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு 10 ஃபெம்டோமோல் (மிக மிக நுண்ணிய அளவு) இருந்தால் பாசிட்டிவ் என்பது அன்று பல லேப்களின் கணக்கு. எண் கறாராக வரும். ஆனால் அம்மியில் அரைத்த பிறகு தேங்காய் எது, மிளகாய் எது? புற்றுசெல்லும் நல்ல செல்லும் கலந்துவிடும். சின்னக் கட்டி அரைக்கவே காணாது. தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு உறைந்தபடியே வந்து சேரவும் வேண்டும். குற்றாலச் சாரல் குளிர் அதற்குப் போதாது.

ஆர்டி-பிசிஆரும் ஒருவகையில் அரைப்புதான், இங்கே எண்ணுவது ஏற்பியை உருவாக்கச் சொல்லும் ஆர்என்ஏவை. செலவும் கூட.

என் ஓட்டு சாயம் ஏற்றும் ஐஎச்சிக்கு (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி). கட்டித் துண்டைப் பதித்த மெழுகு பிளாக்கிலிருந்து 4 மைக்ரான் சீவி, ஏற்பியில் ஒட்டும் ஆன்டிபாடியும் பிறகு சாயமும் ஊற்றினால், ஏற்பி உள்ள செல்லின் உட்கரு பழுப்பாகும். எந்தச் செல் என்று கண்ணாலேயே பார்க்கலாம். புற்றுசெல்களில் 1 சதவீதம் பழுப்பானாலே பாசிட்டிவ். ஈ.ஆர். 1 முதல் 10 வரை என்றால் ‘லோ பாசிட்டிவ்’ என்கிறது அமெரிக்க நிபுணர் சங்கங்களின் 2020 வழிகாட்டுதல். அந்த இடத்தில்தான் ரெண்டு பேர் பார்த்தால் ரெண்டு கணக்கு வரும்.

இதன் பெரிய எதிரி, கட்டி வந்து சேரும் பாட்டில். போன சித்திரையில் ஒரு அண்ணாச்சி மஞ்சப்பையில் ஒன்றைக் கொண்டுவந்தார். கீறாத முழுக் கட்டி, நனையுமளவு ஃபார்மலின் (திசு அழுகாமல் காக்கும் திரவம்). வெட்டினால் வெளியே விறைப்பு, உள்ளே கொழகொழ. ஒரு மணி நேரத்துக்குள், 5 மில்லிமீட்டர் துண்டுகளாகக் கீறி, பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டிருக்க வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் ஊறலாம். ஸ்லைடில் புற்றுசெல் பழுப்பாகவில்லை. பக்கத்திலிருந்த, இயல்பாகவே ஏற்பி உள்ள நல்ல பால்குழாயும் பழுப்பாகவில்லை! அது பழுப்பாகாமல் நெகட்டிவ் என்று எழுதக் கூடாது.

“அண்ணாச்சி, முதல்ல ஊசி போட்டு எடுத்தாங்கள்லா, அந்த பிளாக் இருக்கா?”

“வீட்டுல பீரோவுல கெடக்கு தம்பி. வேண்டாம்னுல்லா நெனச்சேன்.”

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டார். ஃபார்மலின் உள்ளே வரை ஏறிய அந்த மெல்லிய ஊசித் துணுக்கில் முக்கால்வாசி செல் பழுப்பு.