500 ரூபாயில் ஒரு பணப்பாடம்: பிள்ளைகள் பெயரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு எப்படி?

ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வரவு செலவு கற்றுக்கொடுக்க இன்று செயலிகள், ப்ரீபெய்டு கார்டுகள், வார இறுதி வகுப்புகள் என்று நிறையவே விற்கிறார்கள். அவற்றோடு வைத்துப் பார்த்தால் தபால் ஆபீஸின் எஸ்பி (சேமிப்பு) கணக்கு பழசாகத் தெரியும். ஆனால் பட்ஜெட் பாடத்துக்கு இதைவிட மலிவான, நேர்மையான கருவி கிடைப்பது கடினம். வரிப் பாடத்துக்கு மட்டும் இதை நம்பக் கூடாது. மதிப்பெண் போட்டால் பட்ஜெட்டுக்கு ஐந்துக்கு நாலு, வரிக்கு ஒன்று.

பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரிலேயே கணக்கு தொடங்கித் தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். தொடக்கத் தொகை 500 ரூபாய். அதன்பிறகு 10 ரூபாயிலிருந்து போடலாம், 50 ரூபாயிலிருந்து எடுக்கலாம். இருப்பு 500-க்குக் கீழே போகும்படி எடுக்க விடமாட்டார்கள். வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். 2011 டிசம்பரிலிருந்து இதே விகிதம்தான். ஒருவர் பெயரில் ஒரு தனிக் கணக்குக்கு மேல் கிடையாது.

தொடங்கும்போது கணக்குத் தொடங்கும் படிவம், பிள்ளையின் ஆதார், பிறந்த தேதிக்குச் சான்று, போட்டோக்கள், நாமினி பெயர் இவை வேண்டும். பான் உடனே கட்டாயமில்லை. இருப்பு 50,000-ஐத் தாண்டுவது, ஒரே மாதத்தில் 10,000-க்கு மேல் எடுப்பது போன்ற நிலைகளில்தான் தேவைப்படும். ஆனாலும் கவுன்ட்டரில் பான் இல்லாவிட்டால் அதற்கான உறுதிமொழிப் படிவம் கேட்பது உண்டு, நிரப்பியே எடுத்துப் போவது நல்லது. கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் கையெழுத்து. பதினோரு வயதில் போட்ட கையெழுத்து பதின்மூன்று வயதில் வளைந்து நெளிந்து வேறாகிவிடும். பணம் எடுக்கப் போனால் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். முழுப்பெயரைத் தமிழில் கூட்டெழுத்தில்லாமல் எழுதுவதையே கையெழுத்தாக வைப்பது இந்த வயதுக்குப் பாதுகாப்பு. படிவத்தில் போடுவதற்கு முன் ஒரு தாளில் பத்துத் தடவை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம். ஒரே கட்டடம், ஒரே சிவப்புப் பலகை, ஆனால் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வேறு நிறுவனம். 2018-இல் தொடங்கியது, வட்டி குறைவு, விதிமுறைகளும் வேறு. போன் செயலியில் ஐந்து நிமிடத்தில் முடிகிறது என்று அந்தக் கணக்கைத் திறந்துவிட்டு, பிறகு அச்சடித்த பாஸ்புக் எங்கே என்று தேடுபவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போதே "எஸ்பி கணக்கு, பாஸ்புக்கோடு" என்று சொல்லிவிடுங்கள்.

இந்தக் கணக்கின் உண்மையான மதிப்பு அந்த பாஸ்புக்கிலும், வட்டி கணக்கிடும் விதியிலும் இருக்கிறது. வங்கிகள் 2010 ஏப்ரலிலிருந்து தினசரி இருப்புக்கு வட்டி தருகின்றன. அஞ்சலகம் இன்னும் பழைய வழியில்தான்: மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்கு மட்டும் அந்த மாத வட்டி. சேமிப்பவருக்கு இது நஷ்டம். ஆசிரியருக்கோ இது லாபம், ஏனென்றால் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை காகிதத்திலேயே கணக்கிட்டுச் சரிபார்க்கக்கூடிய வட்டி இதுதான்.

ஒரு உதாரணம். மாதத் தொடக்கத்தில் இருப்பு 700. ஒரு மாணவி 12-ஆம் தேதி 100 எடுக்கிறாள், 20-ஆம் தேதி 300 போடுகிறாள். மாதக் கடைசியில் 900 இருக்கிறது. ஆனால் இடையில் 600-க்கு இறங்கியதால் வட்டி 600-க்குத்தான்: 600 × 4 ÷ 1200 = 2 ரூபாய். அதே 100-ஐ 7-ஆம் தேதி எடுத்து, அதே 300-ஐ 9-ஆம் தேதி போட்டிருந்தால் வட்டி 900-க்கு: 3 ரூபாய். தொகை ஒன்றுதான், தேதி மாறியதில் ஒரு ரூபாய் வித்தியாசம். கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டினால் "எப்போது" என்ற கேள்வி பிள்ளைகளுக்குத் தானாகவே வந்துவிடும். வட்டி வருடக் கடைசியில் மொத்தமாகத்தான் வரவாகும். அதுவரை ஒவ்வொரு மாதமும் பிள்ளையே தன் நோட்டில் கணக்கிட்டு வைத்து, மார்ச் முடிந்து பாஸ்புக்கில் பதிவு போட்டதும் ஒப்பிட வேண்டும். ஒத்துவராவிட்டால், பெரும்பாலும் பிள்ளைகள் 10-ஆம் தேதிக்குப் பிறகு போட்ட பணத்தை அந்த மாதத்திலேயே சேர்த்திருப்பார்கள்.

500 ரூபாய் குறைந்தபட்ச இருப்பும் நல்ல பாடம். இருப்பு 900 என்றால் செலவழிக்க முடிவது 400 தான். பிள்ளைகள் பலர் முதலில் 900-க்கே திட்டம் போடுவார்கள். பட்ஜெட் நோட்டில் "இருப்பு" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "எடுக்கக்கூடியது" என்று இன்னொரு கட்டம் போடுங்கள்.

பட்ஜெட் நோட்டு என்றதும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். அது கணக்கெழுதுவது, பட்ஜெட் இல்லை. மூன்று பத்திகள் வேண்டும்: நினைத்தது, நடந்தது, வித்தியாசம். மாத முதல் நாள் முதல் பத்தியை நிரப்பிவிட்டு, பிறகு அதைத் திருத்தக் கூடாது. திருத்த விட்டால் எல்லோருடைய வித்தியாசமும் மாதக் கடைசியில் சுழியாகிவிடும்; அந்த நோட்டு எதற்கும் உதவாது.

அதைவிட முக்கியமான ஓட்டை, வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள். கைச்செலவுக்கு மாதம் 400 ரூபாய் கிடைக்கும் பிள்ளை தின்பண்டத்துக்கும் பேனாவுக்கும் சரியாகவே திட்டம் போடும். ஆனால் பள்ளிச் சுற்றுலா 600, தோழிகளின் பிறந்தநாள் பரிசு 240, சார்ட், பசை, ப்ராஜெக்ட் பொருட்கள் 360 என்று வருடத்தில் சிதறிக் கிடக்கும் 1,200 எந்த மாதத் திட்டத்திலும் இருக்காது. ஜூனிலேயே இவற்றைப் பட்டியல் போட்டுப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 100. அந்த நூறுதான் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதிக்குள் தபால் ஆபீஸுக்குப் போக வேண்டிய பணம். மீதி 300-ஐ எப்படிச் செலவழித்தாலும் அது பிள்ளையின் பாடு. பெரியவர்கள் அதில் தலையிடாமல் இருப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே. கைச்செலவுக்குப் பணமே கிடைக்காத பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதை எல்லோருக்கும் பொதுவாக வைக்காதீர்கள். வகுப்பின் ஆண்டுவிழா அல்லது சுற்றுலாச் செலவுக்கு ஒரே பட்ஜெட் போட்டு அதையே பாடமாக்கலாம்.

சஞ்சாயிகா என்ற பள்ளிச் சேமிப்புத் திட்டம் நினைவிருப்பவர்கள், இதுவும் அதுதானே என்று கேட்கலாம். அதில் பணம் ஆசிரியர் கை வழியாகப் போனது. இங்கே பிள்ளையே எஸ்பி-103 படிவம் நிரப்பிப் போடுகிறது, எஸ்பி-7 நிரப்பி எடுக்கிறது. எழுத்தில் தொகை எழுதுவதில்தான் பிழை அதிகம் வரும். "நூற்று ஐம்பது மட்டும்" என்று எழுதி, அடித்தல் திருத்தல் இல்லாமல் கொடுக்கும் பழக்கம் பிற்காலத்தில் செக் எழுதும்போதும் கைகொடுக்கும்.

குறைகளில் முதலாவது நேரம். பல அஞ்சலகங்களில் பணப் பரிமாற்றம் பள்ளி விடும் முன்பே முடிந்துவிடும். சனிக்கிழமையையும் விடுமுறை நாட்களையும் நம்பித்தான் ஓட்ட வேண்டும், சர்வர் வேலை செய்யாத நாளில் அதுவும் வீண். இரண்டாவது, கியூஆர் ஸ்கேன் செய்து பணம் போகும் உலகத்தை இந்தக் கணக்கு காட்டாது. அதுதான் வேண்டும் என்றால் வங்கிப் பக்கம் போகலாம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே கணக்கு நடத்த ரிசர்வ் வங்கி 2014-இலேயே வழி செய்தது. 2025 ஏப்ரலில் விதிகளைப் புதுப்பித்து, எவ்வளவு வரை, என்னென்ன வசதி என்பதை வங்கிகளே முடிவு செய்யலாம் என்றது. ஸ்டேட் வங்கியின் பெஹ்லி உடான் இந்த வகை. கார்டு உண்டு, உச்சவரம்பும் உண்டு, கட்டாயக் குறைந்தபட்ச இருப்பு இல்லை. வட்டி அஞ்சலகத்தைவிடக் குறைவு. ஆனால் கார்டு கையில் வந்ததும் பாஸ்புக்கைத் திறந்து பார்ப்பது நின்றுவிடும் என்பதால், முதல் ஒரு வருடம் அஞ்சலகம், பிறகு வங்கி என்ற வரிசையே சரி.

சேமிப்புக் கணக்கோடு ஆர்டியும் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்கச் சொல்வார்கள். மாதம் 100 ரூபாய், ஐந்து வருடம், இப்போது 6.7 சதவீதம், காலாண்டுக் கூட்டுவட்டி. 6,000 கட்டினால் சுமார் 7,137 வரும். 15-ஆம் தேதிக்குள் தொடங்கியிருந்தால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து வருடம் என்பது கண்ணுக்குத் தெரியாத தூரம். அவசரம் வேண்டாம்.

இனி வரி. இந்தக் கணக்கு இங்கேதான் சறுக்குகிறது. அஞ்சலகச் சேமிப்பு வட்டியில் வருடத்துக்கு 3,500 ரூபாய் வரை வரி இல்லை. 4 சதவீதத்தில் 3,500 வட்டி வர, வருடம் முழுக்க 87,500 இருப்பு வேண்டும். எந்தப் பிள்ளையும் அந்த எல்லையைப் பார்க்கப் போவதில்லை. தாண்டினாலும், 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் வட்டி, பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் வருமானத்தோடுதான் சேரும். பிள்ளை தன் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தது மட்டும் அப்படிச் சேராது. இந்த விதியைச் சொன்னால் வகுப்பு ஆர்வமாகக் கேட்கும், ஆனால் பாஸ்புக்கில் காட்ட ஒன்றும் இருக்காது.

ஆகவே வரிக்குக் கடை பில்லை எடுங்கள். ஒரே சூப்பர்மார்க்கெட் பில்லில் மூன்று விகிதங்கள் கிடைக்கலாம்: 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு நோட்டுப் புத்தகம், பென்சில், அழிப்பானுக்கு வரி இல்லை; பிஸ்கட், பற்பசைக்கு 5 சதவீதம்; கோலா வகைகளுக்கு 40. எல்லோரும் தவறும் இடம் ஒன்று. எம்ஆர்பி என்பது வரி சேர்ந்த விலை. 18 சதவீத வரி உள்ள பொருளின் விலை 118 என்றால் வரி 18 ரூபாய். 118-இல் 18 சதவீதம் எடுத்து 21.24 என்று எழுதுவார்கள், சில பெற்றோரும். விலையை 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கு என்பதே வழி. பத்து ரூபாய் பிஸ்கட்டில் 10 × 5 ÷ 105, அதாவது 48 பைசா; பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு.

தெருமுனைக் கடையில் வாங்கிய பொருளின் துண்டுச் சீட்டில் ஜிஎஸ்டி இருக்காது. அதனால் வரி கட்டவில்லை என்று பிள்ளைகள் முடிவு கட்டுவார்கள். பொருட்கள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை, ஆனால் அந்தக் கடைக்காரர் மொத்தக் கடையில் வாங்கும்போதே கட்டிய வரி விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் பில்லிலும் ஜிஎஸ்டி இல்லை. அங்கே மத்தியக் கலால் வரியும் மாநிலத்தின் வாட் என்ற விற்பனை வரியும். வீட்டு வரி ரசீது ஒன்றையும் சேர்த்து வைத்தால் மத்திய, மாநில, உள்ளாட்சி என்று மூன்று அரசுகளும் ஒரே மேசைக்கு வந்துவிடும்.

வருமான வரியில் அடுக்குமுறை புரிந்தால் இந்த வயதுக்குப் போதும். 2025-26 புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 16 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4-க்கு 5 சதவீதம் 20,000, அடுத்த 4-க்கு 10 சதவீதம் 40,000, கடைசி 4-க்கு 15 சதவீதம் 60,000. மொத்தம் 1,20,000, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம், 4,800. மொத்தத் தொகைக்கும் 15 சதவீதம் போட்டு 2,40,000 என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. இதை விளக்க மின்கட்டண பில்லை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். கீழ் அடுக்கு மாறாத வருமான வரி போல அது வேலை செய்யாது. 500-க்குக் கீழே உள்ள பில்லாகப் பார்த்து எடுங்கள்.

கணக்கைத் தொடங்கிவிட்டு மறந்தால், தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் வரவோ எடுப்போ இல்லாவிட்டால் அது முடங்கும். மீண்டும் உயிர்ப்பிக்க பாஸ்புக்கோடு புதிதாக ஆவணங்கள் கொடுக்க வேண்டும். 18 முடிந்ததும் அதேபோல் புதிய படிவமும் ஆவணங்களும் தர வேண்டும். அந்தத் தேதியைப் பாஸ்புக்கின் உள்ளட்டையில் இன்றே பென்சிலால் எழுதி வைக்கச் சொல்லலாம்.