அறிவுக்கோட்பாடு படிக்க: ஆக்ஸ்போர்டா, செயின்ட் ஆண்ட்ரூஸா?

அறிவு என்றால் என்ன என்று ஆராயும் மெய்யியல் பிரிவான அறிவுக்கோட்பாட்டில் முதுகலை பயில விரும்பி, ஆக்ஸ்போர்டின் பி.ஃபில். என்னும் மெய்யியல் முதுநிலைப் பட்டத்துக்கும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், ஸ்டர்லிங் பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்தும் எம்.லிட். என்னும் முதுநிலைப் பட்டத்துக்கும் இடையே தயங்குவோர் உண்டு. பெயர்ப்புகழை இங்கே அளவுகோலாகக் கொள்ளவில்லை. அது ஆய்வேட்டை எழுதித் தராது.

காலம்: ஆக்ஸ்போர்டில் இரண்டு ஆண்டுகள், ஸ்காட்லாந்தில் ஓராண்டு.

செலவு: ஓராண்டில் முடிவதால் எம்.லிட். படிப்புக்குத் தங்கும் செலவு குறைவு. உதவித்தொகை கிடைத்தால் இக்கணக்கு மாறும்.

ஆழம்: உண்மையான வேறுபாடு இதில்தான். ஆக்ஸ்போர்டு மெய்யியலாளர் கில்பர்ட் ரைலின் முயற்சியால் 1946இல் தொடங்கிய பி.ஃபில்., 30,000 சொற்கள் வரையிலான ஆய்வேட்டுக்கு இடமளிக்கிறது. எனவே, நியாயப்படுத்தப்பட்ட உண்மை நம்பிக்கை மட்டுமே அறிவாகிவிடுமா என்று 1963இல் அமெரிக்க மெய்யியலாளர் எட்மண்ட் கெட்டியர் எழுப்பிய ஐயத்தை எடுத்துக்கொள்ளும் மாணவர், மறுப்புகளையும் அவற்றுக்கான மறுமொழிகளையும் எழுதித் திருத்தப் போதிய அவகாசம் பெறுகிறார். எம்.லிட். ஆய்வேட்டைக் கோடை மாதங்களுக்குள் முடித்தாக வேண்டும். ஆனால் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர்க்கே ஆய்வு மையத்தில் தர்க்கம், மொழி, அறிவுக்கோட்பாடு ஆகியவை அருகருகே ஆராயப்படுவது பெரிய பலம்.

மெய்யியலில் ஏற்கெனவே நல்ல அடித்தளத்துடன் முனைவர் பட்டம் நோக்கிச் செல்வோருக்கு பி.ஃபில். பொருந்தும். இத்துறை தமக்கு ஒத்துவருமா என்று முதலில் அறிய விரும்புவோர் எம்.லிட்.டைத் தேர்ந்தெடுக்கலாம், தகுதி பெற்றால் இன்னோர் ஆண்டு தொடர்ந்து எம்.ஃபில். பெறவும் அங்கே வழியுண்டு.