இருபது மணிச் சட்டம்: வாங்கலாமா?

பொருள் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி தோற்றத்தில் கடைகளில் வேறு என்னென்னவோ விற்கிறார்கள். இது சின்னப் பிள்ளைகள் எண் பழகுவதற்கான ஒரு மரச்சட்டம், சின்னதுதான். குறுக்கே இரண்டு கம்பிகள். ஒவ்வொரு கம்பியிலும் பத்து மணி. இடப்பக்கம் ஐந்து சிவப்பு, வலப்பக்கம் ஐந்து வெள்ளை. ஆக மொத்தம் 20 மணி, அவ்வளவுதான். நெதர்லாந்தில் உத்ரெக்ட் நகரத்து ஃப்ராய்டெந்தால் நிறுவனத்தைச் சேர்ந்த அட்ரி ட்ரெஃபர்ஸ் என்ற கணிதக் கல்வியாளர் உருவாக்கியது. ரேக்கன்ரெக் என்பது அங்கே அதன் பெயர். இணையக் கடையில் அந்தப் பெயரைப் போட்டால்தான் சரியான பொருள் வருகிறது. அபாகஸ் என்று தேடினால் வருவது வேறு ரகம், அதை அப்புறம் சொல்கிறேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வாங்கியது பேத்திக்காக. யுகேஜி படிக்கிறாள். மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. அரசுப் பள்ளி ஆசிரியையின் பிள்ளை தனியார் பள்ளியில் ஏன் என்று கேட்காதீர்கள், அது மாப்பிள்ளை வீட்டு முடிவு.

பேத்திக்கு ஒன் டூ த்ரீ நூறு வரை தண்ணீர் பட்ட பாடு. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லிக் காட்டுவாள், அவர்களும் கை தட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் தட்டில் இருக்கும் முறுக்கை எண்ணச் சொன்னால் வாய் ஒரு பக்கம் போகும், விரல் ஒரு பக்கம் போகும். ஏழு முறுக்கு ஒன்பதாகிவிடும். தப்பித் தவறிச் சரியாக எண்ணி முடித்தாலும், "அப்ப மொத்தம் எத்தனை பாப்பா?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். கடைசியாக வாயில் வந்த எண்தான் மொத்தம் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. இந்த வயதில் இது சாதாரணம்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றாள் மகள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் பிள்ளை இந்த நிலையில் இருந்தால் மணிச்சட்டம் வாங்க அவசரப்படாதீர்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று தொட்டு எண்ணும் பழக்கத்துக்கு எங்கள் வீட்டில் உதவியது பல்லாங்குழி. பாட்டியும் பேத்தியும் திண்ணையில் உட்கார்ந்து ஆடினார்கள். ஒரு குழிக்கு ஒரு புளியங்கொட்டை என்று போட்டுக்கொண்டே போக வேண்டும், ஒன்று தவறினாலும் எதிரே இருப்பவர் விட மாட்டார். குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். பசுவைத் தவற விடக் கூடாது என்ற பரபரப்பில் பேத்தி நான்கை எண்ணுவதையே விட்டுவிட்டாள். பார்த்த மாத்திரத்தில் கை போனது. நான் சட்டம் வாங்கியது அதைப் பார்த்த பிறகுதான்.

தரையில் மூன்று காசு கிடந்தால் நாம் எண்ணுவதில்லை, பார்த்ததும் மூன்று என்று தெரிகிறது. நான்கு வரை கண் அப்படிப் பிடித்துவிடும். ஏழு காசு சிதறிக் கிடந்தால் பெரியவர்களுக்கே தடுமாற்றம், எண்ணித்தான் ஆக வேண்டும். அதே ஏழை ஐந்தும் இரண்டுமாக ஒதுக்கி வைத்துவிட்டால் எண்ணும் வேலை இல்லை. கல்லாவில் உட்கார்ந்த யாருக்கும் இது தெரியும். நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கிவிட்டால் பிறகு அடுக்கை மட்டும் எண்ணினால் போதும், ஒன்று குறைந்த அடுக்கு தானாகக் கண்ணில் உறுத்தும். இந்தச் சட்டத்தில் ஐந்தாவது மணிக்குப் பிறகு நிறம் மாறுகிறதே, அதுதான் இதன் விஷயமே. மற்றதெல்லாம் வெறும் மரமும் கம்பியும்.

ஆட்டத்துக்கு விதி ஒன்றுதான். எல்லா மணிகளும் முதலில் வலது ஓரத்தில் இருக்க வேண்டும். நான் சொல்லும் எண்ணை ஒரே தள்ளில் இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மணியாக நகர்த்தினால் ஆட்டம் செல்லாது. இந்த விதி இல்லாவிட்டால் பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று பழையபடி எண்ணிக்கொண்டே நகர்த்தும், சட்டம் வாங்கியதற்கே அர்த்தம் இருக்காது. முதலில் மூன்று, ஐந்து என்று எளிதாகக் கொடுத்தேன். பிறகு ஆறு. சிவப்பு மொத்தத்தையும் பிடித்துக்கொண்டு, கூட ஒரு வெள்ளையைச் சேர்த்து இழுத்தாள். ஏழு, எட்டும் அப்படியே வந்தன. ஒன்பது கேட்டபோது அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பத்தையும் தள்ளிவிட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினாள். "ஒண்ணு மட்டும் அங்கயே இருக்கட்டும் தாத்தா" என்றாள். இரண்டு தள்ளாயிற்றே என்று நான் ஆட்சேபிக்கவில்லை. ஒன்பது என்றால் பத்தில் ஒன்று குறைவு என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்தது துண்டு ஆட்டம். துண்டால் சட்டத்தை மூடி, உள்ளே ஓர் எண்ணைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு நொடி திறந்து மூட வேண்டும். எத்தனை பார்த்தாய் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எப்படித் தெரிந்தது என்றும் கேட்க வேண்டும். இது மகள் சொல்லிக் கொடுத்தது. "சிவப்பு எல்லாம் இருந்துச்சு, வெள்ளை மூணு" என்று பதில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முறை மாற்றி அவள் மூடி என்னைக் கேட்பாள். நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். தாத்தாவுக்குக் கணக்கு வரவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, எனக்கு விளக்கம் கொடுப்பாள். அவள் சொந்த வார்த்தையில் கணக்குப் பேசுவது அப்போதுதான்.

வலப்பக்கம் மிச்சம் எத்தனை என்பது இன்னோர் ஆட்டம். ஏழைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கையால் மறைத்துக்கொள்வேன். பத்துக்கு எத்தனை குறைகிறது என்று சொல்ல வேண்டும். ஏழுக்கு மூன்று, ஆறுக்கு நான்கு என்ற ஜோடிகள் கைக்குள் வந்துவிட்டால் பிற்பாடு கூட்டலில் பாதி வேலை முடிந்துவிடும். என் அனுபவத்தில் இந்த ஆட்டம் அவளுக்கு அலுப்பாக இருந்தது, அதனால் அதிகம் வற்புறுத்தவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்த ஆட்டத்தையும் இழுக்க வேண்டாம்.

இரண்டாவது கம்பி ஏன் என்று ஆரம்பத்தில் எனக்கே புரியவில்லை. எட்டும் ஐந்தும் கேட்டபோது தெரிந்தது. மேல் கம்பியில் எட்டு, கீழ்க் கம்பியில் ஐந்து தள்ளினாள். என் கணக்கில் அடுத்த வேலை, கீழே இருப்பதில் இரண்டை மேலே கொடுத்துப் பத்தாக்கி, மிச்சம் மூன்றைச் சேர்ப்பது. கல்லாவில் அப்படித்தான் செய்வோம். அவள் அந்த வழிக்கே போகவில்லை. மேலே ஐந்து சிவப்பு, கீழே ஐந்து சிவப்பு, சேர்ந்து பத்து. வெள்ளை மூன்று. "பதிமூணு" என்றாள். இரண்டு வழியும் சரிதான், அவளுடையது இன்னும் சுருக்கம். பள்ளியில் தர்ட்டீன், தர்ட்டி இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தவள் இவள். கண்ணெதிரே பத்து சிவப்பும் மூன்று வெள்ளையும் நிற்கும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஆறும் ஆறும், ஏழும் ஏழும் போன்ற இரட்டைகளும் இதே மாதிரி வண்ணத்திலேயே விழுகின்றன.

சரி, குறைகளுக்கு வருகிறேன். எனக்கு வந்த சட்டத்தில் மணியின் துளை கம்பியை விடப் பெரியது. சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்தாலும் மணிகள் கடகடவென்று ஒரு பக்கம் ஓடிவிடுகின்றன. பிள்ளை கஷ்டப்பட்டு எட்டு வைத்திருக்கும், தூக்கிக் காட்ட வரும்போது பத்தாகியிருக்கும். அழுகை வரும். தரையில் படுக்க வைத்துத்தான் விளையாட முடிகிறது. கடையில் நேரில் வாங்குவதாக இருந்தால் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள், மணி லேசாகப் பிடிக்க வேண்டும். கூட ஒரு வண்ணத்தாள் கொடுத்தார்கள். அதில் இரண்டு வயதிலேயே உங்கள் குழந்தை கணித மேதை என்ற ரீதியில் ஏதோ இருந்ததே தவிர, ஒரே தள்ளு என்ற விதியைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் வாங்கிய விலை 380 ரூபாய். மரவேலையைப் பார்த்தால் அதிகம், பயனைப் பார்த்தால் பரவாயில்லை.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது சிவப்பும் பச்சையும் கலந்ததைத் தவிர்ப்பது நல்லது. சில பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆண்பிள்ளைகளில் சிலருக்கு, அந்த இரண்டும் பிரித்துத் தெரியாது. பிறகு ஐஎஸ்ஐ முத்திரை. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்ததற்கு விலக்கு உண்டு. வாயில் போடும் வயதில் தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் உதிரி மணிகளை விடக் கம்பியில் கோத்த மணி பாதுகாப்பு. பல்லாங்குழிக்கும் புளியங்கொட்டை, சோழி போதும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அதன் பருப்பு கடும் விஷம்.

இனி அந்த வேறு ரகம். பத்துக் கம்பி, கம்பிக்குப் பத்து மணி, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறம். பஸ் நிலையம் பக்கத்துக் கடையிலிருந்து இணையம் வரை எங்கும் இதுதான் தொங்குகிறது. பார்க்க இது பெரியது, நூறு மணி, விலையும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் இதை வாங்கத் தோன்றும். ஆனால் ஒரு வரிசை முழுக்க ஒரே நிறமாக இருந்தால் ஏழுக்கும் எட்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. பிள்ளை திரும்பவும் ஒன்றிலிருந்துதான் எண்ண வேண்டும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். மேல் இரண்டு வரிசையில் வலப்பக்க ஐந்து மணிகளுக்கு நகப்பூச்சு அடித்துவிடுங்கள், காரியம் முடிந்தது.

அபாகஸ் வகுப்புகளில் பயன்படுத்தும் ஜப்பானியச் சட்டம் முற்றிலும் வேறு. அதில் மேலே இருக்கும் ஒரு மணிக்கு மதிப்பு ஐந்து, கீழே இருக்கும் நான்குக்கும் ஆளுக்கு ஒன்று. கம்பி மாறினால் மதிப்பும் பத்து மடங்கு மாறும். ஐந்து என்றால் என்ன என்று கைக்குத் தெரிந்த பிள்ளைக்கு அது நல்ல பயிற்சியாக இருக்கலாம். ஒரே ஒரு மணியைக் காட்டி இது ஐந்து என்று யுகேஜி பிள்ளையிடம் சொன்னால் அது நம் வார்த்தையை நம்பித்தான் ஆக வேண்டும். இந்த இருபது மணிச் சட்டத்தில் ஐந்து என்றால் ஐந்து மணி இருக்கும், தொட்டுப் பார்க்கலாம்.

ஃபோனில் வரும் கணக்கு விளையாட்டுகளையும் மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தார். அதில் பேத்தி வேகமாகத் தட்டக் கற்றுக்கொண்டாள்.

இருபதுக்கு மேல் போக இந்தச் சட்டத்தால் முடியாது, அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். அதற்கு ஈர்க்குச்சி இருக்கிறது. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, முப்பத்து நான்கு என்றால் மூன்று கட்டும் நான்கு உதிரியும் என்று காட்டலாம். 2022இல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இப்படிக் கையால் தொட்டுச் செய்யும் வேலைகள்தான் நிறைய என்று மகள் சொல்வாள். அவள் வகுப்பில் பிள்ளைக்கு ஒரு சட்டம் வாங்க ஏது பணம். அட்டையில் செய்து வைத்திருக்கிறாள், உண்மையில் என் 380 ரூபாய்ச் சட்டத்தை விட அது நன்றாக வேலை செய்கிறது.

செய்முறை கேட்பவர்களுக்கு: கெட்டியான அட்டை ஒன்று, ஒரு ஜாண் நீளம் போதும். இரண்டு பக்க ஓரத்திலும் மேலும் கீழுமாக இரண்டிரண்டு துளை. ஷூ லேஸ் இரண்டு. ஃபேன்சி ஸ்டோரில் மணி வாங்கும்போது லேஸைக் கையோடு கொண்டுபோய்க் கோத்துப் பாருங்கள், துளை இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு லேஸுக்கு ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை. துளை வழியாக இழுத்துப் பின்பக்கம் முடிச்சுப் போட வேண்டும். மணிகள் நகர வரிசையில் பாதி இடமாவது காலியாக இருக்கட்டும். லேஸ் என்பதால் மணி தானாக ஓடாது, தூக்கிக்கொண்டு வந்து காட்டினாலும் எட்டு எட்டாகவே இருக்கும். முடிச்சு தளர்ந்தால் மட்டும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும்.