ஆப்கள் போய், காந்தமானி வந்தது: ட்ரோம்சோவில் நான்கு குளிர்கால அரோரா அனுபவம்

நார்வேயின் ட்ரோம்சோவுக்கு வேலைக்கு வந்து இது நான்காவது குளிர்காலம். வந்த புதிதில் என் போனில் அரோரா, அதாவது துருவ ஒளி, எப்போது தெரியும் என்று சொல்லும் ஐந்து ஆப்கள் இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. மூன்று விஷயங்களை மட்டும் இணையத்தில் நேராகப் பார்க்கிறேன்.

முதல் குளிர்காலம் முழுக்க கேபி (Kp) எண்ணை, அதாவது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று 0 முதல் 9 வரை சொல்லும் எண்ணை, நம்பி ஓடினேன். 'கேபி 6, உடனே கிளம்புங்கள்' என்று ஓர் ஆப் அலறும். போய் நின்றால் வானம் கம்மென்று கிடக்கும். பல நாடுகளின் காந்த அளவீடுகளை மூன்று மணி நேரத்துக்குச் சேர்த்துச் சொல்லும் எண் அது என்று பிறகுதான் புரிந்தது. இந்த நிமிடம் என் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. தவிர, வட துருவத்தைச் சுற்றி அரோரா அதிகம் தோன்றும் வளையத்துக்குக் கீழேயே ட்ரோம்சோ இருக்கிறது. இங்கே கேபி 2 இருந்தாலே பச்சை ஓடும்.

சூரியனில் நடக்கும் திடீர் வெடிப்புகளான சூரியச் சுடர்கள் பற்றிய அறிவிப்புகளையும் நிறுத்திவிட்டேன். சுடரின் ஒளி எட்டு நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் பெரிய அரோராவைக் கொண்டுவருவது அதோடு சில சமயம் கிளம்பும் பிளாஸ்மா மேகம், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களின் கூட்டம். அது வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், நம் பக்கம் வராமலும் போகும். 2024 அக்டோபர் 3 அன்று எக்ஸ் 9.0 சுடர் (எக்ஸ் என்பது மிக வலுவான வகை) வெடித்தபோது ஊரே பரபரத்தது. கடைசியில் 9ஆம் தேதி வெடித்த எக்ஸ் 1.8 சுடரோடு கிளம்பிய மேகம்தான் மறுநாள் ஜி4 காந்தப் புயலாக (ஜி1 முதல் ஜி5 வரையிலான அளவில்) வந்து இறங்கியது.

சரி, எதைத்தான் பார்ப்பது? பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் பக்கம் இருக்கும் விண்கலங்கள் சூரியக் காற்றை அளந்து அனுப்புகின்றன. அதில் 'பிஇசட்' (Bz) என்ற கோடு மைனஸில் இறங்கி அங்கேயே தங்கினால், அதாவது காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால், நல்ல சகுனம். வேகத்தைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கையில் இருக்கும். பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது இங்குள்ள பல்கலைக்கழகத்தின் காந்தமானி, அதாவது இந்த இடத்தின் காந்தப்புலம் மாறுவதை அளக்கும் கருவி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். போன டிசம்பரில் ஓர் இரவு, ஒரு மணி நேரமாக நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு பத்தே நிமிடத்தில் முந்நூறு நானோடெஸ்லா (காந்தப்புல அலகு) சரிந்தது. "ஜாக்கெட்டை மாட்டு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பக்கத்திலிருக்கும் ஏரிக்கு நடந்தோம். கிழக்கே மங்கலாகக் கிடந்த பச்சைக் கோடு திடீரெனப் பிளந்து, திரை மாதிரி அலைந்தது. அதன் அடி ஓரத்தில் சில நொடிகள் இளஞ்சிவப்பு. உறைந்த ஏரியின் பனிகூடப் பச்சையானது. அவள் கையுறையைப் பார்த்தேன், அதுவும் பச்சை.

மூன்றாவது மேக நிலவரம். கடலோரம் மூடியிருந்தால் காரை எடுத்துக்கொண்டு ஷிபோத்ன் என்ற ஊர்ப் பக்கம் போவோம். மலை மறைவு என்பதால் அங்கே வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

குறை என்றால், விண்கலத் தரவு அவ்வப்போது அறுந்துபோகும். பருவத்தை மாற்ற எந்தக் கருவியாலும் முடியாது. 2024 மே 10 அன்று, 2003க்குப் பிறகு முதல் ஜி5 புயல், கேபி 9. கோடுகள் எல்லாம் தாறுமாறாக ஆடின. ஆனால் மே மாதத்தில் இங்கே வானம் இருட்டுவதே இல்லை. லடாக்கின் ஹான்லேயில் சிவந்த வானத்தின் படத்தை நாங்கள் வெளிச்சமான ஜன்னலருகே உட்கார்ந்து போனில் பார்த்தோம்.