பலதார மணமா, பாலியமரியா?

சம்பந்தப்பட்ட எல்லோரும் அறிய, அவர்கள் ஒப்புதலோடு ஒருவர் பலரைக் காதலிப்பது பாலியமரி. அதையும் பலதார மணத்தையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர். பலதார மணத்துக்கு, அது சட்டப்படி செல்லும் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலை எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடுகிறேன்.

உறுதி
செனகல்: 1972 குடும்பச் சட்டப்படி, பலதாரத்தைத் தேர்ந்து பதிவுசெய்த ஆண் நான்கு மனைவியர் வரை மணக்கலாம்.
பாலியமரி: அமெரிக்காவின் சோமர்வில் நகரம் 2020-இல் இருவருக்கு மேற்பட்டோர் மணமின்றிச் சேர்ந்து வாழும் துணை உறவைப் பதிய வழிசெய்தது. பெரும்பாலான இடங்களில் வாய்ச்சொல்லே பிடிமானம்.

பொறாமை
செனகல்: கணவர் முறைவைத்து இரவுகளைப் பங்கிடுகிறார். ஆயினும் அவர் பலதாரத்தைத் தேர்ந்துவிட்டால், இன்னொருத்தி வருவதைத் தடுக்க முதல் மனைவிக்கு உரிமையில்லை. சக்களத்திப் போட்டி பிள்ளைகளின் படிப்புச் செலவு வரை நீள்கிறது. இந்த அநீதியை என்னால் ஏற்க முடியவில்லை.
பாலியமரி: பேசிப் பேசித்தான் தீர்க்க வேண்டும், களைப்பூட்டும். ஆனால் பெண்ணுக்கும் அதே சுதந்திரம் உண்டு.

சட்டமும் வாரிசுரிமையும் முக்கியமெனில் பலதார மணம். சமத்துவம் வேண்டுவோருக்குப் பாலியமரி.